டெலிமாவுக்கு ஓட்டு இல்லை

"லாட்ச்-ஆப்பிள்! மிசஸ் டெலிமா லாட்ச்-ஆப்பிள்!"

எழுத்தர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது. லாஷாப்பெல் என்ற பெயரை இங்கிலீஷ்காரர்கள் வாயில் போட்டு மெல்வது புதிதில்லை. மில்லில் பாதிப் பேர் அவளை ஆப்பிள் என்றே கூப்பிட்டார்கள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே எழுந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, அக்டோபர் மாதம். ஜனாதிபதி தேர்தலுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. ரோட் ஐலண்ட் மாநிலத்தில், டன்ஃபோர்ட் நகர மன்றத்தில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் குழு உட்கார்ந்திருந்தது. பட்டியலில் உள்ள யார்மீதாவது ஆட்சேபம் இருந்தால் அன்றைக்குச் சொல்லலாம். என்ன ஆட்சேபம், யார் சொன்னது என்று எதுவும் தெரியாமல், வரச்சொன்னார்கள் என்று வந்திருந்தாள் டெலிமா.

"ஆட்சேபம் யாருடையது?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

பின்வரிசையிலிருந்து கிளெக் எழுந்தார். டெலிமா வேலை பார்க்கும் நூற்பு அறையின் மேஸ்திரி. இங்கிலாந்தில் லங்காஷயரில் பிறந்து, மீசை முளைத்த பிறகு கப்பலேறி வந்தவர். இப்போது மில் முதலாளிகளின் கட்சிக்கு, அதாவது குடியரசுக் கட்சிக்கு, இந்த வார்டில் அவர்தான் எல்லாம்.

"இந்தப் பொம்பளை அமெரிக்கப் பிரஜை இல்லீங்க" என்றார் கிளெக்.

டெலிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, நான் பொறந்தது கால்வாய்த் தெருவுல. இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா வீடே தெரியும். இவர்தான் கடல் தாண்டி வந்தவரு. மாத்திச் சொல்றாரு போல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "உன் புருஷன் எங்க பொறந்தான்?"

"கனடாவுல. கியூபெக்."

"குடியுரிமை வாங்கியிருக்கானா?"

"இல்லீங்க. மூணு வயசுல வந்தாரு. வாங்கணும் வாங்கணும்னு..."

"கல்யாணம் எப்ப?"

"இருபதாம் வருஷம், மே மாசம்."

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, மளிகைக் கடையில் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்: "வேத்து நாட்டானைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே உன் குடியுரிமை போச்சு. அவன் எந்த நாடோ நீயும் அந்த நாடு. இருபத்திரெண்டாம் வருஷம் சட்டத்தை மாத்தினாங்க. ஆனா அது அதுக்கப்புறம் கல்யாணம் ஆனவங்களுக்கு. உனக்கு இல்லை."

"அப்ப நான் யாருங்க?"

"கனடா பிரிட்டிஷ் ராஜாவோடது. அதனால நீ பிரிட்டிஷ் பிரஜை."

இந்த மாநிலத்தை விட்டு அவள் வெளியே போனதே இரண்டு தடவைதான். இரண்டும் பக்கத்து மாநிலத்தில் நடந்த சாவு வீடுகளுக்கு. அவளுடைய பாட்டன் இங்கிலீஷ்காரனைக் கண்டால் காறித் துப்புகிற, கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடியானவன்.

"என் ரெண்டு பிள்ளைங்களும் இங்க பொறந்ததுங்க. அதுங்க யாரு?"

"அவங்க அமெரிக்கர்கள்தான்."

"என் வயித்துல பொறந்தது அமெரிக்கா, நான் மட்டும் இங்கிலாந்தா?"

"பெயரை அடிங்க" என்றார் தலைவர், எழுத்தரைப் பார்த்து.

அப்போதுதான் டெலிமாவுக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது. கிளெக்கின் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷத்துக்கு முந்தி என்ன நடந்துது மேஸ்திரி? மில்லு லாரியில எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயி ஓட்டுப் போட வெச்சது யாரு? படியில வழுக்கப் போகுதும்மான்னு என் கையைப் புடிச்சு ஏத்திவிட்டது யாரு? அப்பவும் இதே புருஷன்தான். அப்ப நான் எந்த நாட்டுக்காரி? உங்க கட்சிக்குப் போட்டா அமெரிக்கா, மத்தவனுக்குப் போட்டா இங்கிலாந்தா?"

கிளெக் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனாவை மேஜையில் தட்டினார்.

"போன தடவை ஓட்டுப் போட்டேன்னு ஒத்துக்கிறியா? பிரஜை இல்லாதவங்க ஓட்டுப் போட்டா அது குற்றம். அதை நான் காதுல வாங்கிக்கலை. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

ஏற்றிப்போனவர் குற்றவாளி இல்லை, ஏறிப்போனவள் குற்றவாளி. டெலிமா தெருவில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் புருஷன் ஓனேசிம் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவனும் மில்தான், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வேறொரு மில்லில் பஞ்சு சிக்கெடுக்கும் அறையில் வேலை. சாதுவானவன். நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், டெலிமா?"

"எட்டு வருஷமா சொல்றேன், காகிதம் வாங்கு, காகிதம் வாங்குன்னு. அடுத்த வருஷம் கியூபெக்குக்குத் திரும்பிப் போயி நிலம் வாங்கப் போறேன்னு நீயும் எட்டு வருஷமா சொல்றே. நிலமும் வரலை, காகிதமும் வரலை. என் நாடுதான் போச்சு."

"ஒரு தடவை போனேனே. அந்த எழுத்தன் என் பிரெஞ்சு வாடை அடிக்கிற இங்கிலீஷைக் கேட்டுட்டுச் சிரிச்சான்."

"சிரிச்சா என்ன? பல்லைக் காட்டுறதுக்குப் பயந்துகிட்டு ஓடி வந்துட்டியா?"

ஓனேசிம் சூப்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டது தப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைத்தானே அந்தத் தலைவனும் சொன்னான் என்று நினைத்ததும் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜனநாயகக் கட்சிக்காக வேலை செய்யும் டூலன் என்ற ஐரிஷ்காரனைத் தேடிப் போனாள். அவன் விவரம் தெரிந்தவன். உதட்டைப் பிதுக்கினான்.

"நீதிமன்றத்துல மனு போட்டுக் குடியுரிமையைத் திரும்ப வாங்கலாம் மதாம். ஆனா தேர்தலுக்கு முந்தின முப்பது நாள்ல யாருக்கும் குடியுரிமை கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். தேர்தல் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

"எல்லாம் பாத்துத்தான் நாள் குறிச்சிருக்கானுங்க."

"ஆமா. ரொம்ப வருத்தமா இருக்கு. நல்ல ஓட்டு ஒண்ணு போச்சு."

அவனுக்கு ஓட்டு போனதில்தான் வருத்தம் என்று டெலிமாவுக்குப் பட்டது.

அந்த வருஷம் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற ஸ்மித் ஐரிஷ் வம்சத்துக் கத்தோலிக்கர். மீன் சந்தையில் வேலை பார்த்து மேலே வந்தவர். அவர் ஜெயித்தால் போப்பாண்டவர் மூட்டை முடிச்சோடு வெள்ளை மாளிகையில் குடியேறிவிடுவார், கத்தோலிக்கப் பாதிரியார் செய்து வைக்காத கல்யாணமெல்லாம் செல்லாமல் போகும் என்றெல்லாம் துண்டுக் காகிதம் அடித்து யாரோ மில் வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கிளெக்கின் மேஜையிலேயே அதில் ஒரு கட்டு கிடந்தது. "படிச்சுப் பாருங்க, நாட்டு நடப்பு தெரியும்" என்று சொல்லிப் பெண்களுக்கு அவரே எடுத்துக் கொடுத்தார். டெலிமாவும் வாங்கிப் படித்தாள். பாதிரியார் செய்து வைத்த அவளுடைய கல்யாணம் செல்லும்; அதனாலேயே அவள் செல்லாதவளாகிவிட்டாள்.

ஜூன் மாதம், அவள்தான் தன் அறையில் வேலை பார்க்கும் பெண்களைத் துரத்தித் துரத்தி, ஸ்மித்துக்கு ஓட்டுச் சேர்க்கப் பட்டியலில் பெயர் பதிய வைத்திருந்தாள். கிளெக்கின் ஆட்சேபத்துக்கு அதுதான் காரணம். அவர்களில் ஆறு பேருக்கு ஓட்டு இருந்தது. அவர்களையாவது விடக்கூடாது என்று முடிவு செய்தாள். முதலில் போனது, அந்த ஆறு பேரில் ஒருத்தியான கீழ்வீட்டு ஜோர்ஜியானாவிடம். கணவனை இழந்தவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய்.

"ஐரிஷ்காரனுக்கு நான் ஓட்டுப் போடணுமா?" என்றாள் ஜோர்ஜியானா. "நம்ம கோயிலுக்கு ஐரிஷ் சாமியாரை அனுப்பி, பிரெஞ்சுல பாவமன்னிப்புக் கேட்டா புரியலைன்னு சொல்ல வெச்சவனுங்க அவனுங்க. நான் செய்யாத பாவத்துக்கெல்லாம் அந்த ஆளு எனக்குத் தண்டனை கொடுத்தான், தெரியுமா? போடி."

"உன்னை ஸ்மித்தைக் கட்டிக்கச் சொல்லலை. ஒரு குறி போடச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் நாலு வருஷம் அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

"சரி, போடாதே" என்றாள் டெலிமா. "எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கால்வாய்த் தெருவுல நீ பொறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுலதான் நான் பொறந்தேன். உன் புருஷன் காகிதம் வாங்கினான், நீ அமெரிக்கா. என் புருஷன் வாங்கலை, நான் இங்கிலாந்து. லாரியில ஏத்திட்டுப் போனப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம், ஜோர்ஜியானா. உன்னை ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதான் கிளெக் உன்னை விட்டு வெச்சிருக்கான். பிரெஞ்சுக்காரிங்க ஆட்டு மந்தை மாதிரி, ஓட்டுற பக்கம் போவாளுங்கன்னு அவன் சொன்னதை நீயும்தானே கேட்டே?"

ஜோர்ஜியானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேர்தல் அன்று காலையிலிருந்தே மழை. ஓட்டுப் போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வரலாம், மறுபடி சங்கு ஊதும்போது, நூல் நூற்கும் எந்திரமான பிரேமுக்கு முன்னால் நிற்காதவர்கள் திரும்பி வரவே வேண்டாம் என்று கிளெக் சொல்லியிருந்தார். மத்தியானச் சங்கு ஊதியதும் டெலிமா ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு, ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஆறாவதாக ஜோர்ஜியானாவும் மூச்சிரைக்க வந்தாள்.

வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. உள்ளே, மில் ஆபீஸ் குமாஸ்தாக்கள் வந்தால் பெயரைச் சொன்னதும் சீட்டுக் கொடுத்தார்கள். மில் பெண்கள் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல், மறுபடி சொல், பிறந்த தேதி சொல் என்று இழுத்தார்கள். வரிசை ஆமையாக நகர்ந்தது. மழையில் தொப்பிகள் ஊறித் தொங்கின. பெண்கள் மில் கடிகாரக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது முடியாது டெலிமா" என்றாள் ஒருத்தி. "எனக்கு மூணு பிள்ளைங்க. வேலை போனா யாரு சோறு போடுவாங்க?" அவள் வரிசையை விட்டு விலக, அடுத்தவளும் விலகப் பார்த்தாள்.

டெலிமா ஒரு கணம்தான் யோசித்தாள்.

"நில்லுங்கடி. யாரும் நகரக் கூடாது. எனக்குத்தான் ஓட்டு இல்லையே, நான் எதுக்கு இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்? நான் போயி உங்க பிரேமை ஓட்டுறேன்."

"ஆறு பேரோடதையுமா? உனக்குப் பைத்தியமா?" என்றாள் ஜோர்ஜியானா.

"என்னோடதையும் சேத்து ஏழு. பைத்தியம்தான். நீ போயி ஓட்டுப் போடு."

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சங்கு ஊதி முடிவதற்குள் நூற்பு அறைக்குள் நுழைந்துவிட்டாள். ஒரு பிரேமைத் தட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடினாள், அதையும் தட்டிவிட்டு அடுத்ததற்கு. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு இழைகள் அறுந்தன. இந்தக் கோடியில் ஒன்றை ஒட்டவைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்தக் கோடியில் நான்கு அறுந்து பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரத் தலைமுடியில் பஞ்சு பறந்து ஒட்டியது. மற்ற வரிசைகளில் இருந்தவர்கள் வேலையைச் செய்துகொண்டே அவளைப் பார்த்தார்கள்.

கிளெக் வந்து நின்றார். "மத்தவளுங்க எங்க?"

"ஓட்டுப் போடுறாங்க. வரிசை பெருசு. உங்க ஆளுங்கதான் பெருசாக்கி வெச்சிருக்காங்க."

"நான் சொன்னது என்ன?"

"சங்கு ஊதும்போது பிரேம் ஓடணும்னு சொன்னீங்க. ஓடுது."

"ஏழு பிரேமை ஒருத்தி ஓட்டுவாளா? பாரு, அங்க பாரு, அத்தனையும் பாழாப் போகுது! நிறுத்து எல்லாத்தையும்!"

"நீங்களே நிறுத்துங்க. மேல கேட்டா, பொம்பளைங்க ஓட்டுப் போடப் போனாங்க, அதனால நிறுத்தினேன்னு நீங்களே சொல்லுங்க."

கிளெக்கின் கை பெல்ட்டை நகர்த்தி எந்திரத்தை நிறுத்தும் கைப்பிடிவரை போனது. அங்கேயே நின்றது. ஏழு பிரேம் நின்றால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் கண்ணெதிரே வரிசையாக ஐந்தாறு இழைகள் அறுந்தன. வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, அவரே குனிந்து இழையை ஒட்டத் தொடங்கினார். பையனாக இருந்த காலத்தில் செய்த வேலை. விரல் தடித்துப் போயிருந்தது. ஒன்றை ஒட்டுவதற்குள் மூன்று அறுந்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதோட உனக்கு வேலை இல்லை" என்றார், குனிந்தபடியே. "இன்னைக்கே கடைசி."

"தெரியும். கைப்பக்கத்துல அறுந்திருக்கு பாருங்க, ஒட்டுங்க."

ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், நனைந்த கோழி மாதிரி. ஜோர்ஜியானா கடைசியாக வந்தாள். பிரேமுக்கு முன்னால் மண்டியிட்டிருந்த மேஸ்திரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐரிஷ்காரனுக்குத்தான் போட்டேன்" என்று டெலிமாவின் காதில் கத்தினாள். எந்திரச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். ஆனால் கிளெக்குக்கும் கேட்டது. "சிலுவை மாதிரி குறி போடச் சொன்னாங்க. போடும்போது மாதாவை வேண்டிக்கிட்டேன், இந்தப் பாவத்தை மன்னிச்சிடுன்னு."

ஆறு பேரையும் வேலையை விட்டு அனுப்ப கிளெக்கால் முடியவில்லை. அனுப்பியிருந்தால் அந்த வரிசையை ஓட்ட ஆளில்லை. டெலிமாவை மட்டும் அனுப்பினார். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். ஜோர்ஜியானா மட்டும் எந்திரத்தை விட்டுவிட்டு வாசல்வரை கூடவே வந்தாள்.

நாடு முழுவதும் ஸ்மித் மண்ணைக் கவ்வினார். அவருடைய சொந்த மாநிலமே அவரைக் கைவிட்டது. ஆனால் காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் கடந்துவிடக்கூடிய ரோட் ஐலண்ட், பெரும்பாலும் முதலாளிகளின் கட்சிக்கே குத்திக்கொண்டிருந்த ரோட் ஐலண்ட், ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் பக்கம் சாய்ந்தது. செய்தி வந்ததும் டன்ஃபோர்ட்டில் பாண்டு வாத்தியம் தெருவுக்கு வந்துவிட்டது. நாட்டளவில் தோற்றதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலத்தின் பின்னால் ஓடினார்கள்.

டூலன் டெலிமாவின் வீட்டுக்கு மாடியேறி வந்தான். கையில் பெரிய பன்றித் தொடை ஒன்று.

"மதாம், நீங்க செஞ்சதை ஊரே பேசுது! இந்த வெற்றி உங்க வெற்றி."

"என் வெற்றியா? என் பேரு பட்டியல்லயே இல்லையே."

"அதான் சொன்னேனே, மனு போடலாம்..."

"எனக்கு வேலை போச்சு. உங்க கட்சி அதுக்கு என்ன செய்யும்?"

டூலன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "பேசிப் பாக்குறேன். இப்ப எல்லாம் கொஞ்சம் கஷ்டம். இந்தாங்க, பிள்ளைங்களுக்கு."

"உங்களுக்கு ஓட்டு வேணும்னா என் வீட்டுப் படி தெரியும். எனக்கு ஓட்டு வேணும்னா சட்டம் தெரியும். எடுத்துட்டுப் போங்க."

அவன் போன பிறகு, "பன்றித் தொடை என்ன பாவம் செஞ்சுது?" என்றான் ஓனேசிம், மெதுவாக. அவள் முறைத்த முறைப்பில் பேச்சு அத்தோடு நின்றது.

பட்டு மில் ஒன்றில், குறைந்த கூலிக்கு, டிராமில் போய்வரும் தூரத்தில் வேலை கிடைத்தது. பிப்ரவரியில், மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸ் நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. ஓனேசிம் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள் என்று நாலா திசையிலிருந்தும் வந்தவர்களோடு அவளும் நின்றாள். நாட்டின் முதல் ஜனாதிபதி யார், கொடியில் எத்தனை நட்சத்திரம் என்று நீதிபதி கேட்டார். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் அந்தக் கொடிக்கு முன்னால்தான் நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

பிறகு நீதிபதி உறுதிமொழியைப் படித்தார். "கிரேட் பிரிட்டன், அயர்லாந்து மற்றும் கடல்களுக்கு அப்பாலுள்ள பிரிட்டிஷ் நாடுகளின் அரசரும், இந்தியாவின் சக்கரவர்த்தியுமாகிய ஐந்தாம் ஜார்ஜிடம் உனக்குள்ள விசுவாசத்தை முற்றிலுமாகத் துறக்கிறாயா?"

"யாருகிட்ட?"

நீதிபதி மறுபடியும் படித்தார்.

"ஐயா, அந்த ஆளை நான் பாத்ததே இல்லை. அவருகிட்ட எனக்கு விசுவாசம் எப்ப வந்துது, இப்ப விடுறதுக்கு? இந்தியா எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. என்கிட்ட இல்லாததை நான் எப்படித் துறக்கிறது?"

"துறக்கிறாயா, இல்லையா?"

பின்னால் இருந்த ஓனேசிம் இருமினான். டெலிமா யோசித்தாள். ஆம் என்றால், இத்தனை வருஷம் தான் வேற்று நாட்டுக்காரியாக இருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகும். இல்லை என்றால் அப்படியே இருந்துவிட வேண்டியதுதான். கிளெக்கும் இதே இடத்தில் நின்று, இதே ராஜாவைத் துறந்திருப்பார். அவருக்காவது துறக்க ஒரு ராஜா இருந்தார்.

"துறக்கிறேன்" என்றாள். "எழுதிக்கங்க. ஆனா பொய் சொல்லித்தான் உள்ள வரவேண்டியிருக்குன்னும் எழுதிக்கங்க."

எழுத்தர் முதல் பாதியை மட்டும் எழுதினார்.

வெளித் தாழ்வாரத்தில் நகரத்துப் பெண்கள் சங்கத்துச் சீமாட்டிகள் மேஜை போட்டு, புதுப் பிரஜைகளுக்குச் சூடான கோகோவும் ஒரு சின்னக் காகிதக் கொடியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நரித்தோல் போர்த்திய ஒரு அம்மாள் டெலிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, செவிடர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்: "அமெரிக்காவுக்கு... உங்களை... வரவேற்கிறோம்."

டெலிமா கோகோவை வாங்கிக் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடியை மேஜைமேலேயே வைத்தாள்.

"நான் பொறந்த வருஷமே நீங்க வந்து சொல்லியிருக்கணும்மா. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். படியில் இறங்கும்போது ஓனேசிம், "நானும் குடியுரிமை மனு வாங்கிட்டேன்" என்று மடித்த காகிதத்தைக் காட்டினான்.

"இன்னைக்கு எழுத்தன் சிரிக்கலையா?"

"சிரிச்சான். நீ உள்ள பேசினதைக் கேட்டுட்டு வந்திருந்தான். அதனால சீக்கிரமா நிறுத்திக்கிட்டான்."

டெலிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலத்துக்குள் தீரக்கூடிய கோபம் இல்லை அது. அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, கசங்காமல் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு, டிராம் நிற்கும் இடத்தை நோக்கி அவனுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.